உப்புப் பாத்தியை மடிச்ச பூதம்

கைய உள்ள வை. காலையும்தான். நேத்தும் இப்படித்தான் போர்வைய உதறிட்டுப் படுத்த, காலையில ஒரே தும்மல். உங்கப்பன் என்னையல்லா கேப்பான், "அக்கா, பிள்ளைய ஒழுங்கா மூடிப் படுக்க வைக்கலையா"ன்னு. ஆங், இப்படி. வாசக் கதவைத் தாப்பாப் போட்டேனா நான்? போட்டுட்டேன், போட்டுட்டேன். சரி, அத்தை கதை சொல்லுதேன். நீ "ம்" மட்டும் கொட்டு. எந்திரிச்சு உக்காந்தா கதை நின்னுரும்.

"ம்."

ஒரு ஊர்ல ஒரு உப்பளம். அந்த ஊர்ல நெல்லு கெடையாது, வாழை கெடையாது. காத்துல நாக்கை நீட்டினா உப்பு, கதவைத் தடவினா உப்பு. கடல் தண்ணிய வாய்க்கால்ல கொண்டாந்து, நாலு பக்கமும் மண்ணால வரப்பு போட்டு, பாத்தி பாத்தியா நிறுத்தி வைப்பாங்க. வெயில் வந்து தண்ணியக் குடிச்சிரும். அடியில உப்பு மட்டும் மினுமினுன்னு கெடக்கும். ஒவ்வொரு பாத்திக்கும் நாலு வரப்பு, நாலு மூலை. ஆனா ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது.

வாய்க்காலை ஒட்டின மொதப் பாத்தி சொரிமுத்து அண்ணாச்சியோடது. நாலு பக்கமும் ஒரே அளவு. கயிறு புடிச்சு அளந்தா ஒரு விரக்கடை கூடாது, குறையாது. மூலை நாலும் கேரம்போர்டு மாதிரி நச்சுன்னு நிக்கும். அண்ணாச்சிக்கு அதுல அம்புட்டுப் பெருமை. ஊருக்கு யாரு புதுசா வந்தாலும், தண்ணி குடிக்கீங்களான்னு கேக்க மாட்டாரு, "எம்பாத்தியப் பாத்தீங்களா"ன்னுதான் கேப்பாரு.

அதுக்கு அடுத்தது வெள்ளத்தாயோட பாத்தி. நம்ம வாசக் கதவைத் தரையில படுக்கப் போட்ட மாதிரி நீளமா இருக்கும். வெள்ளத்தாய்க்கு ஒரு கைக்குழந்தை. இடுப்புல பிள்ளை, கையில உப்பு வாருற பலகை, அப்படித்தான் வேலை பாப்பா.

அதுக்கும் அடுத்தது, கடைசிப் பாத்தி, ஆவுடையோடது. அது கோணல். அந்தக் கதவையே யாரோ ஒரு தோள்ல கைய வச்சுத் தள்ளிவிட்ட மாதிரி ஒரு பக்கமாச் சாஞ்சு கெடக்கும். அதைப் பாத்துப் பாத்து அண்ணாச்சிக்கு தினம் ஒரு நக்கல்.

"ஏட்டி ஆவுடை, வரப்பு போடும்போது தூங்கிட்டியா?"

"ஆமா அண்ணாச்சி. ஒங்க பேச்சைக் கேட்டுக்கிட்டே போட்டேனா, தூக்கம் வந்துட்டு."

வாய்க்கால் தண்ணி மொதல்ல அண்ணாச்சி பாத்திக்கு வரும். அங்க இருந்து மடை வழியா வெள்ளத்தாய்க்கு. அங்க இருந்து ஆவுடைக்கு. மொதப் பாத்தி போச்சுன்னா மத்த ரெண்டுக்கும் தண்ணி இல்ல. வெளங்குதா?

"ம்."

அப்போ, தூரத்துல ஒரு மலை. மலை மேல ஒரு பூதமும் அதோட அம்மாவும். தினம் அண்டா அண்டாவாக் கேப்பைக் கூழ் காய்ச்சும். ஆனா மலையில உப்பு ஏது? கூழு சப்புன்னு இருக்கும். ஒரு நாள் காத்து திரும்பி அடிச்சுது. பூதம் மூக்கை உறிஞ்சுச்சு, "உஸ்ஸ்ஸ்"ன்னு. உப்பு வாசம். உடனே கெளம்பிட்டு.

அம்மாக்காரி கூப்பிட்டுச் சொன்னா, "எலே, பாத்தியோட எடுத்து வெத்தலை மாதிரி மடிச்சுக் கன்னத்துல அதக்கிக்க. ஒரே ஒரு மடிப்பு. மடிச்சா விளிம்போட விளிம்பு ஒட்டணும். மூலை துருத்திக்கிட்டு நின்னா கன்னத்துல குத்தும். குத்தின எடத்துல உப்பு பட்டா எரியும். அப்புறம் எங்கிட்ட வந்து அழுதா நான் கேக்க மாட்டேன்."

"சரிம்மா"ன்னுச்சு பூதம். அது எம்புட்டுப் பெருசா இருந்தா என்ன, அம்மா பேச்சைத் தட்டாது. உன்னை மாதிரி இல்ல.

உச்சி வெயில்ல வந்துச்சு. திம்... திம்... திம். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒரு குடும்பத்தோட பாத்தி, பட்டம் மாதிரி இருக்கும். மேல ரெண்டு பக்கம் குட்டை, கீழ ரெண்டு பக்கம் நீளம். பூதம் அதைத்தான் மொதல்ல எடுத்துச்சு. வரப்பு, மண்ணு, உப்பு எல்லாத்தோடயும் அப்படியே பேத்து உள்ளங்கையில வச்சுக்கிட்டு, குறுக்க மடிச்சுப் பாத்துச்சு. ஒட்டல. அப்புறம் பட்டத்தோட மூக்குல இருந்து வால் வரைக்கும் வெரலால ஒரு கோடு போட்டு மடிச்சுது. டப். இந்தப் பக்கம் அந்தப் பக்கத்து மேல ஒரு நூல் பிசகாமப் போய் உக்காந்துட்டு. கன்னத்துல அதக்கிக்கிட்டு, திம் திம்முனு போயிட்டு.

பாத்தி இருந்த எடத்துல பெரிய குழி. கடல் தண்ணி கொளகொளன்னு ஏறிட்டு. அந்தக் குடும்பம் சட்டி பானையக் கட்டிக்கிட்டு ஊரை விட்டே போச்சு.

"திரும்ப வந்தாங்களா?"

பொறு. படு. அதையும் சொல்லுதேன்.

அடுத்த தரம் பூதம் வந்தப்போ நேரா ஆவுடை பாத்திக்கு வந்துட்டு. பூதம் பாத்தியப் பேத்துக் கையில வச்சு நெடுக்க மடிச்சுது. ஒட்டல, ஒரு மூலை இந்தப் பக்கம் நீட்டிக்கிட்டு நிக்கி. பிரிச்சுக் குறுக்க மடிச்சுது. ஒட்டல, மூலை அந்தப் பக்கம் நீட்டுது. அப்புறம் மூலைக்கு மூலை மடிச்சுது. ஆட்டுக்காது மாதிரி ரெண்டு முனை வெளிய தொங்குது.

"ரெண்டு பாதியும் ஒரே அளவாத்தானே இருக்கு, ஏன் ஒட்ட மாட்டேங்குது?"ன்னு பூதம் தலையச் சொறிஞ்சுது. பசி வேற. சரி, போவுதுன்னு அப்படியே வாயில திணிச்சிட்டு.

சுர்ர்ர்ர். மூலை கன்னத்துல குத்திட்டு. குத்தின எடத்துல உப்பு. "ஊஊஊ"ன்னு ஒரு கத்து. கடல்ல கெடந்த மீனெல்லாம் அடியில போய் ஒளிஞ்சிட்டு. த்தூன்னு துப்பிச்சு. பாத்தி வந்து பழைய எடத்துலயே தொபுக்குன்னு விழுந்துச்சு.

பூதம் கன்னத்தைப் புடிச்சுக்கிட்டுச் சொல்லுது, "இந்தக் கோணலை இனித் தொட மாட்டேன். புண்ணு ஆறட்டும், வாரேன். வந்து அந்த நீளப் பாத்தியத் திம்பேன். அதை நெடுக்க மடிக்கலாம், குறுக்க மடிக்கலாம். கடைசியா அந்தச் சதுரம். அதை நெடுக்கவும் மடிக்கலாம், குறுக்கவும் மடிக்கலாம், இந்த மூலைக்கும் மடிக்கலாம், அந்த மூலைக்கும் மடிக்கலாம்." சொல்லும்போதே எச்சி ஒழுகுது.

அது போனதும் அண்ணாச்சி, "ஏட்டி ஆவுடை, ஒம்பாடு தப்பிச்சிட்டு"ன்னாரு.

"நான் எங்க தப்பிச்சேன்? ஒங்க பாத்தி போனா எனக்குத் தண்ணி எங்க இருந்து வரும்? நீங்களும் இல்லாம, வெள்ளத்தாயும் இல்லாம, இந்த வெயில்ல நான் ஒத்தையில யாரு மூஞ்சிய பாத்துக்கிட்டு உக்காருவேன்?"

வெள்ளத்தாய் பிள்ளைய மடியில போட்டுக்கிட்டு அழுதா. "இந்தப் பச்சை மண்ணத் தூக்கிட்டு நான் எந்த ஊருக்குக்கா போவேன்?"

ஆவுடைக்கு அன்னைக்குச் சோறு எறங்கல. எனக்கும் அப்படித்தான், ஒரு கவலை வந்துட்டா தட்டைத் தள்ளி வச்சிருவேன். அப்புறம் அவ என்ன பண்ணினா, தோய்ச்சுக் காயப் போட்ட துணிய எடுத்து மடிச்சா. கவலையா இருந்தாலும் துணி மடிக்கணும்லா. அதுல ஒரு மலிவுத் துண்டு. முறுக்கிப் பிழிஞ்சு பிழிஞ்சு ஒரு பக்கமா இழுத்துக்கிட்டுக் கோணிப் போச்சு. நம்ம வீட்டுல கூட ஒண்ணு கெடக்கு, அந்தப் பச்சைத் துண்டு. நெடுக்க மடிச்சா முனை நீட்டும். குறுக்க மடிச்சாலும் நீட்டும். எப்படி மடிச்சாலும் பொட்டியில வைக்க முடியாது.

ஆவுடை அந்தத் துண்டையே பாத்துக்கிட்டு நின்னா. இது கடையில வாங்கும்போது நேராத்தானே இருந்துச்சு. அப்போ நல்லா மடிஞ்சுதே. கோணினதுக்கு அப்புறம்தானே மடிய மாட்டேங்குது?

ஓடினா வெள்ளத்தாய் கிட்ட. "ஒன் துண்டு ஒண்ணு குடு, நேரா இருக்கிறது." வாங்கி மூலைக்கு மூலை மடிச்சா. காது ரெண்டும் வெளிய நிக்கி.

வெள்ளத்தாய்க்கு முகம் மலர்ந்துட்டு. "அப்போ எம்பாத்தியும் மடியாதுக்கா."

"அவசரப்படாத." நெடுக்க மடிச்சா, ஒட்டிட்டு. குறுக்க மடிச்சா, ஒட்டிட்டு. வெள்ளத்தாய் முகம் சுருங்கிப் போச்சு. "இப்போ பாரு"ன்னு ஆவுடை எதிரெதிர் மூலை ரெண்டைப் புடிச்சு, வெடுக்குன்னு ஒரு இழு இழுத்தா. துண்டு சாஞ்சு கோணிட்டு. நெடுக்க மடிச்சா இல்ல. குறுக்க மடிச்சா இல்ல. மூலைக்கு மூலை மடிச்சா, ம்ஹூம்.

"ஏட்டி, ஒம்பாத்தியச் சாச்சிருவோம்."

ரெண்டு பாத்திக்கும் நடுவுல ஒரு முக்கு மண்ணு சும்மாத்தான் கெடந்துச்சு. ரெண்டு பேரும் முந்தானைய இழுத்துச் சொருகிக்கிட்டு, வரப்பை வெட்டி, சேத்தை வாரி, சப்பு சப்புன்னு அடிச்சு, நீளப் பாத்திய ஆவுடை பாத்தி மாதிரியே ஒரு பக்கமாச் சாச்சுக் கட்டினாங்க.

அண்ணாச்சி வந்து பாத்தாரு. "என்னடி கூத்து இது?"

"மடியாமக் கட்டியிருக்கோம் அண்ணாச்சி. ஒங்களதையும் சாச்சுத் தாரோம், வாங்க."

"வரப்பு போட எனக்கு நீ சொல்லித் தாரியா? நான் பொறந்தப்பவே கையில மண்வெட்டியோட பொறந்தவன்."

"ஒங்கம்மா பாவம்"ன்னா வெள்ளத்தாய்.

ஆனா பயம் யாரை விட்டுது? அவங்க வீட்டுக்குப் போன பொறவு, அண்ணாச்சி ஒத்தையில வரப்பை வெட்டிச் சாச்சாரு. சாச்சாரா, உடனே கயித்தை எடுத்துட்டாரு. சாஞ்சாலும் அளவு மாறக் கூடாதாம். நாலு பக்கமும் பழைய மாதிரி ஒரே அளவா இருக்கான்னு இழுத்து இழுத்துப் பாத்துக் கட்டினாரு. தூங்கிட்டியா?

"இல்ல. ம்."

அப்புறம் பூதம் வந்துட்டு. திம்... திம்... திம். ஊரே ரோட்டுல நிக்கி. வெள்ளத்தாய் பாத்திய எடுத்துச்சு. நெடுக்க, இல்ல. குறுக்க, இல்ல. மூலைக்கு மூலை, இல்ல. வாயில வைக்கப் போச்சு, கன்னத்தை ஒரு தடவு தடவிப் பாத்துட்டுக் கீழ வச்சிட்டு. வெள்ளத்தாய் மூச்சு விட்டா.

அடுத்து அண்ணாச்சி பாத்தி. நெடுக்க மடிச்சுது, முனை நீட்டிட்டு. குறுக்க மடிச்சுது, முனை நீட்டிட்டு. அண்ணாச்சி மீசையத் தடவிக்கிட்டு ஆவுடையப் பாத்தாரு. அப்போ பூதம் மூலைக்கு மூலை மடிச்சுது.

டப்.

விளிம்போட விளிம்பு ஒட்டிக்கிட்டு. பிரிச்சு அடுத்த மூலைக்கு மடிச்சுது. அதுவும் டப். அண்ணாச்சி அப்படியே தரையில உக்காந்துட்டாரு.

"அது சாய்சதுரம், அத்தை. டீச்சர் சொன்னாங்க."

அப்படியா? நான் அஞ்சாங்கிளாஸோட நின்னுட்டேன், இந்தப் பேரெல்லாம் எனக்கு யாரு சொன்னா. அப்போ ஆவுடையோட பாத்தி?

"அது இணைகரம்."

பேரும் நல்லாத்தான் இருக்கு. சரி, படு. பூதம் அந்தச் சாய்சதுரத்தை மடிச்சு வாய்க்கிட்ட கொண்டு போயிட்டு. ஆவுடை ஓடினா. ஓடிப் போய்ப் பூதத்தோட கால் பெருவெரலத் தட்டி, "வாய் கொப்புளிச்சியா?"ன்னா.

பூதம் குனிஞ்சு பாத்துது. "இல்ல."

"போன தரம் பட்ட புண்ணு ஆறியும் ஆறாமக் கெடக்கும். கொப்புளிக்காமத் தின்னா ஒங்கம்மா என்ன சொல்லுவா?"

பூதம் யோசிச்சுது. அம்மா ஏசுவாதான். பாத்தியப் பிரிச்சுப் பழைய எடத்துல வச்சிட்டுக் கடலுக்குப் போச்சு. அம்மாம் பெரிய வாய்க்கு அரைக் கடல் தண்ணி வேணும். களகளகளகளன்னு கொப்புளிக்கிற சத்தம் இங்க கேக்குது.

ஆவுடை அண்ணாச்சி கிட்ட ஓடியாந்தா. "நாலு பக்கமும் ஒரே அளவா இருக்கிறதுதான் வினை. அதனாலதான் மூலைக்கு மூலை மடியுது. இந்த வரப்பைக் கொஞ்சம் உள்ள தள்ளிப் போட்டுருவோம். ஒரு ஓரம் மட்டும் விட்டுக் குடுங்க."

"எங்கப்பன் அளந்து வச்ச பாத்தி இது. ஒரு சாண் குறையக் கூடாதுன்னு சொல்லிட்டுச் செத்தாரு."

"பாத்தி இருந்தாத்தானே அளக்க?"

அண்ணாச்சி எந்திரிக்கல. கயித்தை நெஞ்சோட புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. அங்க களகள. இங்க வெள்ளத்தாய், இடுப்புல பிள்ளையோட, ஒரு கையால சேத்தை அள்ளி வச்சா. பிள்ளை வழுக்குது, சேறும் வழுக்குது. அள்ளினதுல பாதி கீழ சிந்துது. அவ பாட்டுக்கு அடுத்த கை அள்ளுதா. அது அவ பாத்தி கூட இல்ல.

அண்ணாச்சி அதைப் பாத்தாரு. என்ன தோணிச்சோ. கயித்தைத் தூரப் போட்டாரு. "பிள்ளையப் புடி நீ. தள்ளு"ன்னு முழங்காலைப் போட்டு உக்காந்து, ரெண்டு கையாலயும் வாரிவாரி வச்சாரு. சப்பு, சப்பு, சப்பு. ஆவுடை ஒரு பக்கம், அவரு ஒரு பக்கம். மீசையெல்லாம் சேறு. கடைசிக் கை மண்ண வைக்கவும், திம் திம்முனு பூதம் வரவும் சரியா இருந்துச்சு.

பூதம் பாத்திய எடுத்துது. நெடுக்க மடிச்சுது, இல்ல. குறுக்க மடிச்சுது, இல்ல. சிரிச்சுக்கிட்டே மூலைக்கு மூலை மடிச்சுது. ஆட்டுக்காது ரெண்டு வெளிய தொங்குது.

"இப்போ மடிஞ்சுதே"ன்னுச்சு. திருப்பிப் பாத்துது. கவுத்துப் பாத்துது. அப்புறம் பாத்தியக் கீழ வச்சிட்டு, சம்மணம் போட்டு உக்காந்து, ஓன்னு அழுதுச்சு.

ஆவுடைக்கு மனசு கேக்கல. "ஏன்யா அழுத?"

"கூழு சப்புன்னு இருக்கு."

"உப்புதானே வேணும்? பாத்திய எதுக்குத் திங்க?"

"பாத்தியோடதானே உப்பு இருக்கு."

அப்போ அண்ணாச்சி எந்திரிச்சாரு. உப்பு வாருற பலகைய எடுத்தாரு. தண்ணிக்கடியில சர்ர்... சர்ர்னு இழுத்து, வரப்பு மேல குவிச்சாரு. குமி குமியா வெள்ளை வெளேர்னு. பூதம் அழுகைய நிறுத்திட்டு வாயப் பொளந்து பாத்துது. உப்பை மட்டும் எடுக்கலாம்னு அதுக்கு இத்தனை நாளும் தெரியாது. பாவம், மலையில யாரு சொல்லிக் குடுப்பா?

பூதம் கைய நீட்டுச்சு. ஆவுடை, "கையில வாங்கக் கூடாது, உப்பைக் கையில குடுத்தா சண்டை வரும். தரையில வைக்கோம், எடுத்துக்க"ன்னா. பூதம் ஒரு சிட்டிகை எடுத்துச்சு. அதோட சிட்டிகைதான், நமக்கு ஒரு மூட்டை.

"தீந்துட்டா?"ன்னு மெதுவாக் கேட்டுச்சு.

"வந்து கேளு. உப்பு கேட்டு வந்தவங்களை எந்த வீட்டுலயும் இல்லேன்னு திருப்ப மாட்டாங்க."

அப்புறம் பூதம் கொஞ்சம் வெக்கப்பட்டுச்சு. வாய்க்குள்ள வெரலை விட்டுத் துழாவி, பட்டம் மாதிரி இருந்த அந்தப் பாத்திய எடுத்துச்சு. புண்ணு இல்லாத மத்தக் கன்னத்துல அதக்கினபடியேதான் கெடந்திருக்கு. பிரிச்சு, நீவிவிட்டு, குழி மேல வச்சிட்டுப் போச்சு. நீ கேட்டியே, அந்தக் குடும்பத்துக்கும் ஆள் விட்டுக் கூட்டியாந்துட்டாங்க. இப்போ சரியா?

"ம்..."

கண்ணு சொருகுது. கொஞ்சந்தான் இருக்கு.

மறுநாள் அண்ணாச்சி கயித்தையும் மண்வெட்டியையும் எடுத்துக்கிட்டு வந்தாரு. பூதம்தான் கேட்டு வாங்கிட்டுப் போவுதே, இனி என்ன, அப்பன் அளந்த மாதிரியே சதுரமாக் கட்டிருவோம்னு. வந்து பாத்தா, அவரு விட்டுக் குடுத்த அந்த ஓரத்துல, புது வரப்பு நெழல் விழுற எடத்துல, சேலைய நாலா மடிச்சு விரிச்சிருக்கு. அதுல வெள்ளத்தாய் பிள்ளை கெடக்கு. கை ரெண்டையும் தலைக்கு மேல போட்டுக்கிட்டு நல்ல தூக்கம். ஆவுடையும் வெள்ளத்தாயும் அந்தப் பக்கம் உப்பு வாருதாங்க. பிள்ளைய எறக்கி வைக்க அவளுக்கு இம்புட்டு நாளும் எடம் இருந்ததில்ல.

அண்ணாச்சி மண்வெட்டிய ஓங்கப் போனாரு. பிள்ளை மூஞ்சியப் பாத்தாரு. பாத்துக்கிட்டே நின்னாரு. அப்புறம் கயித்தைச் சுருட்டித் தோள்ல போட்டுக்கிட்டு, மண்வெட்டி கல்லுல படாமத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு, சத்தம் போடாம, குதிகாலைத் தூக்கித் தூக்கி வரப்பு மேல நடந்து போயிட்டாரு.

அவ்வளவுதான் மருமவளே. உப்பும் கரைஞ்சுது, கதையும் கரைஞ்சுது. கண்ண மூடு.